தெற்கு பார்த்த நிலை

செல்வகணபதி நகரில் லோகநாதன் வீட்டுத் தெற்கு வாசலைக் கான்ட்ராக்டர் நாச்சிமுத்து செங்கல் வைத்து அடைத்த அன்றைக்கு, அந்த வீட்டுக்காரி ரத்தினா மிளகாய் அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். அரைத்த தூளைத் தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் திரும்பி வந்து பார்த்தபோது அவள் வீட்டுக்கு வாசல் இல்லை.

இருந்தது என்றுதான் நாங்கள் சொல்வோம். கிழக்குப் பக்கம் புது நிலை, புதுக் கதவு, மாவிலைத் தோரணம், படியில் ஈரம் காயாத கோலம் எல்லாவற்றையும் தெருவே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது, சர்க்கரைப் பொங்கல் தின்ற கையை நாங்கள் இன்னும் கழுவக்கூட இல்லை. ஆனால் ரத்தினா கிழக்கே வந்து நின்று, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, வாசலை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். வாசலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்த லோகநாதன், இங்கேதான் நிற்கிறேன், வா என்று கையை நீட்டினான். அவள் அந்தக் குரல் வந்த இடத்தில் இருந்த சுவரைப் பார்த்தாள்.

அவன் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினான். உள்ளே போய்ச் சேர்ந்தது அவன் மட்டும்தான், கையில் அவள் கை இல்லை. அவள் வெளியே, இடித்துக்கொண்ட நெற்றியைத் தேய்த்தபடி நின்றாள், நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. எங்கள் கண்ணுக்கு அந்த இடத்தில் சுவரே கிடையாது, பிறகு சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மாசமாக இருக்கிறவள் வீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். லோகநாதனுக்கும் அது தெரியும். ஆனால் அவனுக்கு வாய்த்த வாஸ்துக்காரர், தெற்கு வாசலில் பிறக்கிற பிள்ளை தங்காது, பிறப்பதற்குள் வாசலைக் கிழக்கே திருப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார், ஏற்கனவே ஒன்று கலைந்து போன வீட்டில் அதற்கு மேல் யார் என்ன பேச முடியும். நல்ல நேரம் குறித்துக் கொடுத்து, அந்த நேரத்துக்குள் கிழக்கு நிலை நிற்க வேண்டும், தெற்கு நிலை பெயர்ந்து ஓட்டை அடைபட வேண்டும் என்றார். அன்றைக்கு மில்லில் கரண்டு போய்விட்டது, ரத்தினா வரவில்லை. கொஞ்சம் பொறுக்கலாமா என்று லோகநாதன் கேட்டதற்கு நாச்சிமுத்து கலவை பூசுகிற கரணையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன பதிலை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"நேரம் போச்சுன்னா போனதுதானுங்க. அம்மிணி வந்தா கிழக்கால வந்துக்கட்டும்."

நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நகரில் அவர் கை படாத வீடு இல்லை. ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கியது அவர், மாடிப்படிக்கு அடியில் பாத்ரூம் வைத்தது அவர், ஒழுகும் மொட்டைமாடிக்குத் தட்டு ஓடு பதித்தது அவர், வாஸ்துவுக்காக வாசல் மாற்றுவதென்றால் உடுமலைப்பேட்டையிலிருந்துகூட அவரைத்தான் தேடி வருவார்கள். இடிக்கிற வேலை என்றால் அவருக்கு ஒரு தனி உற்சாகம், முதல் சம்மட்டியை எப்போதும் அவரே போடுவார், அன்றைக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டுக்கொண்டு வருவார். பழைய மரம், பழைய கதவு, பழைய நிலை எதுவானாலும் பெயர்த்தது கான்ட்ராக்டருக்கு என்பது தொழிலில் வழக்கம். லோகநாதன் வீட்டுத் தெற்கு நிலை பர்மாத் தேக்கு, கதவு மாட்டுகிற அந்த மரச்சட்டத்தில் ஒரு பூச்சி அரிப்புகூட இல்லை. அன்று சாயங்காலமே அதை அவர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் நாங்கள் இது ரத்தினா வீட்டோடு போகிற விஷயம் என்று நினைத்தோம், பக்கத்து வீட்டில் படுத்துக்கொள் என்று அவளை அழைத்துப் போனோம். பக்கத்து வீட்டுக்கும் அவளுக்கு வாசல் தெரியவில்லை. அதற்கடுத்த வீட்டுக்கும் தெரியவில்லை, ரேஷன் கடைக்குத் தெரியவில்லை, மாரியம்மன் கோயிலுக்குத் தெரியவில்லை, டவுன் பஸ் வந்து நின்றபோது அதைச் சுற்றி வந்துவிட்டு ஏறுகிற இடம் எங்கே என்று எங்களைக் கேட்டாள். ஜன்னல்கள் மட்டும் தெரிந்தன. கதவில்லாத ஆட்டோவில் ஏற முடிந்தது, நாலு காலில் நிற்கும் பந்தலுக்குள் போக முடிந்தது, சுவர் எழுப்பிய எதற்குள்ளும் போக முடியவில்லை. தான் கிளம்பிப் போன வாசலைத் தனக்குப் பின்னால் அடைத்துவிட்டால் உலகத்தில் வேறு எந்த வாசலும் அந்த ஆளுக்குத் திறக்காது என்பது இப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

சுவரை மறுபடி இடித்துப் பார்க்காமல் இருப்போமா, மறுநாளே இடித்தோம். தெற்கே அடைத்த இடத்தைத் திறந்து, வேங்கை மரத்தில் புது நிலை ஒன்றையும் நிறுத்திப் பார்த்தோம். ரத்தினா அதன் முன்னால் நின்று, நேற்றுப் பூசிய சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது என்றாள். பழைய நிலை ஒன்று உண்டு என்பது அப்போது எங்கள் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. நாச்சிமுத்துவுக்கு வந்திருக்கும், அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே அவள் வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த மனையில் தார்ப்பாய் கட்டி, கட்டில் போட்டு, மூன்று பக்கமும் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டுக் கொடுத்தோம், சேலை அவளைத் தடுக்கவில்லை. லோகநாதன் இரவில் தன் தீவனக் கடையைச் சாத்திவிட்டு வந்து அங்கேயே அவளோடு படுத்துக்கொண்டான். காலையில் அவள் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே நிற்கிறவனுக்கு எந்த டப்பாவில் பெருங்காயம், எப்போது அடுப்பைக் குறைப்பது என்று சொல்லிக் கொடுப்பாள், அவன் தாளித்துக் கம்பி வழியாகக் கரண்டியில் நீட்டுவான், அவள் நக்கிப் பார்த்து உப்பு போதாது என்பாள். போகிற வருகிறவர்கள் நின்று என்ன குழம்பு என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். எதுவானாலும் நாலு நாளில் பழகிவிடுகிற ஜனங்கள் நாங்கள்.

ஆனால் பயம் பழகவில்லை. அடுத்த வீதியில் ஒருவர் இதெல்லாம் பொம்பளைகள் பேச்சு என்று சொல்லிக் கொல்லைக் கதவை இடம் மாற்றினார், அவர் வீட்டுப் பூனை அந்நேரம் வெளியே போயிருந்தது. பூனை திரும்பி வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது, யார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் அதற்குப் பிறகு அது நுழையவில்லை. அதோடு கொத்தனார் வருகிற நாளில் வீட்டில் ஆள் எண்ணுவது எங்கள் நகரில் வழக்கமாயிற்று. கதவுக்குக் கீல் மாற்றுவதென்றால்கூட ஓசூரில் வேலை பார்க்கிற மகனை லீவு போட்டு வரச் சொன்னார்கள். ஆண்கள் அந்த மாதங்களில் வந்ததுபோல நேரத்தோடு என்றைக்கும் வீட்டுக்கு வந்ததில்லை, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே தூரத்தில் எங்காவது சம்மட்டிச் சத்தம் கேட்டால் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்கள். இன்னொரு விதமான ஆட்களும் கிளம்பினார்கள். குடிகாரப் புருஷன் வெளியே போயிருக்கும்போது வாசலை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்க ஒருத்தி வந்தாள், காலி செய்யாத வாடகைக்காரனுக்காக ஒருவர் வந்தார், பங்கு கேட்கிற தம்பிக்காக ஓர் அண்ணன் வந்தார், எல்லாரும் நாச்சிமுத்து வீட்டுக்குத்தான் வந்தார்கள். எல்லாரையும் திட்டி விரட்டினேன் என்று அவர் சொல்லிக்கொண்டார். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் புன்னகை செய்தால்கூட நாங்கள் எழுந்து போய் எங்கள் வாசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

நாச்சிமுத்துவுக்கு ஒரே மகன், பூபதி, சிவிலில் டிப்ளமோ முடித்து அப்பாவின் வேலைகளைத்தான் மேற்பார்த்துக்கொண்டிருந்தான். லோகநாதன் வீட்டுத் தேக்கு நிலையை நாச்சிமுத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தன் வீட்டுத் தலைவாசலில் பொருத்தினார். அவர், மனைவி, மகன் மூன்று பேரும் வீட்டுக்குள் இருக்கும்போதுதான் பொருத்தினார், அந்த மட்டுக்கும் அவருக்கு அறிவு வந்திருந்தது. பாலிஷ் போட்டு, பித்தளைப் பூ அடித்து, வந்தவர் போனவரெல்லாம் தொட்டுப் பார்க்கும்படி அது நின்றது. பூபதிக்கு மட்டும் அது கண்ணை உறுத்தியது. அந்த அக்கா வெட்டவெளியில் கிடக்கிறது, இதைத் திருப்பி அங்கே வைத்துப் பாருங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நாச்சிமுத்து முடியாது என்றார். வைத்து அதில் அவள் உள்ளே போய்விட்டால், குற்றம் இந்தக் கையில்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு எவன் வேலைக்குக் கூப்பிடுவான் என்பதுதான் அவருடைய பயம், அதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் சத்தம் போட்டார். பூபதி சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து, போனை மேஜையிலேயே வைத்துவிட்டு, அந்த நிலையைத் தாண்டிப் போனான். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவன் அம்மா சிவகாமி வாசல்வரை ஓடி வந்து பார்த்தபோது தெரு காலியாக இருந்தது.

ரத்தினாவுக்கு மாதம் ஏற ஏற, நடந்தால் நல்லது என்று நர்ஸ் சொன்னதால், சாயங்காலங்களில் லோகநாதன் அவளை மெதுவாக நடத்திக் கூட்டிப்போவான். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவர்கள் நாச்சிமுத்துவின் வீதிப் பக்கம் திரும்பியதும் அவள் நின்றுவிட்டாள். வாசலே இல்லாத ஊரில் ஒரு வாசல் தெரிகிறது என்றாள். அவன் கையை உதறிவிட்டு, அந்த வயிற்றோடு ஓட்டமும் நடையுமாகப் போய், தான் கல்யாணமாகி வந்தபோது வலது கால் வைத்து ஏறிய அந்த நிலையைத் தாண்டி உள்ளே போனாள்.

நாங்கள் பார்த்தது இதுதான்: வாசலுக்குள் போனவள் நாச்சிமுத்துவின் ஹாலில் இல்லை, அவர் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருந்த சந்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது வேறு. வீடு இல்லை, சுவர் இல்லை, வெறும் பொட்டல் மனையில் அவளுடைய நிலை மட்டும் தனியாக நின்றது என்றாள், புதிதாக வீடு கட்டுகிற இடத்தில் நிலை வைத்த அன்றைக்கு நிற்குமே, அப்படி. நிலைக்கு அதன் இடம் வேண்டும், இடத்துக்கு அதன் நிலை வேண்டும். அதைக் கேட்டபோது எங்கள் எல்லாருக்கும் விஷயம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது, நாச்சிமுத்துவுக்கும் விளங்கிவிட்டது, அவர் திரும்பித் தன் வாசலைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பூபதி அதில்தான் போயிருந்தான்.

இதற்கிடையில் ரத்தினா வயிற்றில் பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிவரை அழைத்துப் போனோம், வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தோம், அவளைக் கண்ணை இறுக்க மூடிக்கொள்ளச் சொன்னோம், முந்தானையால் முகத்தையும் போர்த்தினோம், வார்டு பாய்கள் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே போன ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது, அதில் முந்தானை கசங்கிய மடிப்புகூட இல்லை, அவள் வெளியே சரிவுப் பாதையில் தரையில் படுத்திருந்தாள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா வெளியே இறங்கி வந்து அங்கேயே உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். கத்தி வைக்காமல் இது வராது, ரோட்டில் வைத்துக் கத்தி வைக்க முடியாது, வலி எடுப்பதற்குள் எப்படியாவது உள்ளே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு உயிரும் நிற்காது என்று லோகநாதனிடம் சொன்னார். லோகநாதன் கேவிக் கேவி அழுதான், தேற்றத் தெரியாமல் நாங்களும் அழுதோம்.

அங்கிருந்து ரத்தினா நேரே நாச்சிமுத்து வீட்டுக்குப் போகச் சொன்னாள். ஆட்டோவை விட்டு இறங்கி, அவர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு அந்த நிலை வேணுங்கண்ணா."

"எம் பையன் இதுல போயிருக்கறானம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "இதப் பேத்துட்டா அவன் எந்த வாசல்ல போயி நிப்பான்?"

மழையில் நனைந்த தார்ப்பாயின் கீழே படுப்பது, பசிக்கிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நிற்பது, ஒதுங்க ஓர் இடமில்லாமல் இருட்டுவதற்குக் காத்திருப்பது எல்லாம் என்னவென்று எங்கள் எல்லாரையும்விட ரத்தினாவுக்குத் தெரியும். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

நாங்கள் பூபதியைத் தேடினோம். அவன் போட்டோவை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டோம், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் விசாரித்தோம், பழனி மடங்களில் பார்த்தோம், கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டுகளில் ஆள் நிறுத்தினோம். நாச்சிமுத்து வேலையெல்லாம் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் திரும்பினார், ஒவ்வொரு தடவையும் சிவகாமி வாசலில் நின்று அவருக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். அந்த வீட்டுக்கு யாரும் போகத் துணியவில்லை. நிலையைப் பிடுங்க வந்துவிட்டார்களோ என்று அவள் இரண்டு கையாலும் அதன் இரண்டு பக்க மரக்காலையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். யார் பக்கம் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் கடையில் பால் வாங்கும்போதுகூட ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாங்கினோம்.

ஒரு நாள் காலையில் ரத்தினாவுக்கு இடுப்பு நோகத் தொடங்கிவிட்டது. பந்தலிலிருந்து வந்த சத்தம் இரண்டு வீதி தாண்டிக் கேட்டது. நாச்சிமுத்து தன் ஹாலில், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், லோகநாதன் அவர் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தான், அவன் பின்னால் நாங்கள் நின்றோம். அப்போது சிவகாமி உள்ளேயிருந்து ஒரு துணிப்பையும் குடையும் எடுத்துக்கொண்டு வந்தாள், செருப்பைப் போட்டாள், நிலையைத் தாண்டித் தெருவில் இறங்கித் திரும்பி நின்றாள்.

"இப்பப் பேத்துருங்க," என்றாள் புருஷனிடம். "அவன் மட்டும் தனியா வெளிய நிக்க வேண்டாம்."

நாச்சிமுத்து பதறி எழுந்து நானும் வருகிறேன் என்று வாசலுக்கு வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க உள்ளயே இருங்க. நாங்க வந்தாக் கூப்படறதுக்கு வீட்டுல ஒரு ஆளு வேணுமில்லீங்க."

முதல் சம்மட்டியை எப்போதும்போல அவர்தான் போட்டார். வெள்ளைச் சட்டை இல்லை, சட்டையே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்துக்கொண்டு அவர் அந்த நிலையைச் சுவரிலிருந்து பிரித்தார். கடைசியாக அது பெயர்ந்து எங்கள் தோளில் சாய்ந்தபோது, சிவகாமியின் பார்வை அவர் முகத்தை விட்டு நழுவியது. அவர் நின்ற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவரைப் பார்க்கவில்லை. இங்கேதான் இருக்கிறேன் சிவகாமி என்று அவர் சொன்னார். கேட்குதுங்க என்று அவள் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, பழனி ரோட்டுப் பக்கம் நடந்து போனாள்.

நிலையை நாங்கள் ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு போனோம். வேங்கை நிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேக்கை அதன் பழைய இடத்தில் நிறுத்தினோம், நவதானியம் முடிந்த மஞ்சள் துணியை யாரோ மேலே கட்டினார்கள், வலி வந்து போகிற இடைவெளியில் ரத்தினாவே கைத்தாங்கலாக வந்து மஞ்சளைக் குழைத்துக் கீழ்ப்பலகையில் பூசினாள். பூசியவள் நிமிர்ந்தாள். அடுப்பங்கரை தெரியுது, காலண்டர் தெரியுது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஹாலின் நடுவில் ஒரு நிமிஷம் நின்று, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசல் அவளுக்குத் திறந்தது. அன்று மத்தியானம் பெண் பிறந்தது, அழுதுகொண்டு நல்லபடியாகத்தான் பிறந்தது. சந்தோஷப்பட்டோம், ஆனால் அதைச் சத்தமாகப் பட எங்களுக்கு மனசு வரவில்லை.

பூபதி மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிறு மில்லில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அந்தக் காலையில் கை கழுவ வெளியே வந்தவன் திரும்பிப் பார்த்தபோது மில்லுக்கு வாசல் இல்லை. பக்கத்து டீக்கடைக்கும் இல்லை, வந்து நின்ற பஸ்ஸுக்கும் இல்லை. என்ன நடந்தது என்பது அந்த இடத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. அப்பா பேத்துட்டாரு என்று வாய்விட்டுச் சொன்னானாம், பயத்தோடு பயமாக அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததாம். உடனே ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். எதிரே குடை பிடித்துக்கொண்டு வந்த அம்மாவை வழியில் ஒரு புளியமரத்தடியில் பார்த்தான்.

இரண்டு பேரும் எங்கள் வீதிக்கு வந்து சேர்ந்தபோது நாச்சிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், மகனைப் பார்த்ததும் கம்பிக்கு வெளியே கையை விட்டு அவன் முகத்தைத் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டார். சம்மட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

முதலில் அவர் தெருப்பக்கச் சுவரை இடித்தார். தெருவில் நின்ற அம்மாவுக்கும் மகனுக்கும் அது அப்படியே நின்றது. வடக்குச் சுவரை இடித்தார், கொல்லைச் சுவரை இடித்தார், படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்ததை இடித்தார், தூணையும் உத்தரத்தையும் மட்டும் விட்டுவிட்டு அவர் ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டு வர, எங்கள் கண்ணுக்குக் கட்டில் தெரிந்தது, பீரோ தெரிந்தது, வீட்டைத் தாண்டி அந்தப் பக்கத் தென்னந்தோப்பு தெரிந்தது. என்ன தெரிகிறது என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் சிவகாமி, சுவருதான் என்றாள். ஒரு சுவர் நிற்கும்வரை அவர்களுக்கு நாலும் நின்றது. எல்லாம் போன பிறகும் நாலும் நின்றால் என்ன செய்வது என்ற பயத்தில் நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை, கூரை சரிந்து அவர் தலையில் விழுந்துவிடுமோ என்றும் பயந்தோம், அவர் யாரையும் கைவைக்க விடவில்லை. கடைசியாக மிஞ்சியது பாத்ரூமின் ஒற்றைச் சுவர். அதன் முன்னால் நாச்சிமுத்து சம்மட்டியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார், உடம்பு முழுக்கச் செங்கல் பொடி. பிறகு தூக்கிப் போட்டார்.

புழுதி அடங்கியது. நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார், சுவரை இடிப்பதே தொழிலான மனிதர், இடிக்க இனி ஒன்றும் இல்லாமல், என்ன தெரிகிறது என்று கேட்கத் தைரியமும் இல்லாமல், வெறும் தரையின் நடுவில் நின்றார்.

எந்தப் பக்கமும் வழியாக இருந்த அந்த வீட்டின் ஓரத்துக்குப் பூபதி வந்தான். தரை தொடங்குகிற இடத்தில் ஒரு கணம் தயங்கினான். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி, அம்மாவின் செருப்பையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினான்.